அன்றாட வாழ்வில் படைப்பாற்றல்: எங்கள் தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்குமாக ஞாயிறு மாலைகளில் வாசிப்பு வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தைப் புதிதாக யோசிக்கும் பயிற்சிக்கென்று ஒதுக்கிய நாளிலிருந்து, ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. கொழுந்தெடுக்கும் அம்மாமார், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், கொழும்புக் கடைகளிலிருந்து விடுமுறைக்கு வரும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் என்று கேட்டவர்கள் பலர். கேள்விகளை அவர்களுடைய வாய்மொழியிலேயே தந்து, பதில்களை எழுதியிருக்கிறேன்.

படைப்பாற்றல்னா கதை எழுதுறவங்க, படம் வரையுறவங்க சமாச்சாரம்தானே டீச்சர்? நமக்கு எதுக்கு அது?

புதியதாகவும் அதே வேளையில் பயன்படக்கூடியதாகவும் இருக்கும் ஒன்றைத் தோற்றுவிப்பதே படைப்பாற்றல் என்பது உளவியலாளரிடையே பரவலாக வழங்கும் வரையறை. அதில் கதை என்றோ ஓவியம் என்றோ எந்த நிபந்தனையும் இல்லை. ஜேம்ஸ் காஃப்மன், ரொனால்ட் பெகெட்டோ என்னும் இரு ஆய்வாளர்கள் 2009இல் இதனை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்: கற்கும்போது ஒருவருக்குத் தனக்குள் தோன்றும் சிறு புரிதல், அன்றாட வேலையில் செய்யும் சிறு புதுமை, தொழில் வல்லுநரின் ஆக்கம், காலங்கடந்து நிற்கும் மேதைமை. இங்கே நான் பேசுவது முதல் இரண்டைப் பற்றி.

எங்கள் லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஓர் அக்கா, தகரக் கூரையின் ஓரத்திலிருந்து வடியும் மழைநீரைப் பிளந்த மூங்கிலில் ஏந்திப் பீப்பாய்க்குள் விடுகிறார். முதலில் எல்லோரையும் போலப் பீப்பாயின் வாயில்தான் துணி கட்டியிருந்தார். சருகு சேர்ந்து, துணி தொய்ந்து, இரண்டு மழைக்கொருமுறை உள்ளே விழுந்தது. ஒரு நாள் அந்தப் பழைய சேலைத் துண்டைப் பைபோலத் தைத்து மூங்கிலின் நுனியில் மாட்டினார். இப்போது பையைக் கழற்றி உதறி மீண்டும் மாட்ட அவருக்கு ஒரு நிமிடம் போதும். இதைப் படைப்பாற்றல் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

அது பொறப்புலயே வர்றதுதானே? வலது பக்க மூளை நல்லா வேலை செய்றவங்களுக்குத்தான் வருமாமே?

வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலான இணைப்பு துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரொஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. இரு பாதிகளும் சில வேலைகளை வெவ்வேறு விதமாகச் செய்கின்றன என்பது அவர் காட்டிய உண்மை. அதிலிருந்து “இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்” என்று மனிதரைப் பிரித்தது பிற்காலத்தில் பரவிய கதை. புதிதாகச் சிந்திக்கும்போது இரு பாதிகளிலும் உள்ள பல பகுதிகள் சேர்ந்தே இயங்குவதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆளுக்கு ஆள் திறமையில் வேறுபாடு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் ஜே. பி. கில்ஃபோர்ட், படைப்பாற்றல் அளவில் கூடியும் குறைந்தும் எல்லோரிடமும் காணப்படுவது என்ற நிலைப்பாட்டிலிருந்தே அதை ஆராய அழைப்பு விடுத்தார். உங்களிடம் இருப்பதை உபயோகிக்கிறீர்களா என்பதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய கேள்வி.

சரி, எதுல இருந்து தொடங்குறது? லேசான பயிற்சி ஒன்னு சொல்லுங்க.

கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து, வீட்டில் கிடக்கும் ஒரு பொருளின் பெயரை மேலே எழுதி, வழக்கமான பயனைத் தவிர அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பத்து நிமிடம் எழுதிக்கொண்டே இருங்கள். கில்ஃபோர்டின் பெயரோடு வழங்கும் ஒரு சோதனையின் எளிய வடிவம் இது. நாங்கள் வகுப்பில் எடுத்துக்கொண்ட பொருள் வெற்று உரப்பை.

எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு மாணவியின் பக்கத்தை அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் கட்டும் படங்கு, மழைக்குத் தலையில் போடும் கொங்காணி, விறகு கட்டுவது, கால் துடைப்பது, ஜன்னலை மறைப்பது, மண் நிரப்பி வாசற்படியாக்குவது என்று ஆறு வரிகள் விறுவிறுவென்று வந்தன. அவை எல்லாம் அவள் தினமும் காண்பவை. ஒன்பதாவது வரிக்குப் பிறகு பென்சிலைக் கடித்தபடி நெடுநேரம் இருந்தாள். பிறகு பையின் ஓரத்தைப் பிரித்து ஓர் இழையை உருவினாள். அது அறாமல் நீளமாக வந்தது. “நூலாகப் பிரித்துப் போஞ்சிக் கொடி ஏறுவதற்குக் கட்டலாம்” என்பது அவளுடைய பதினோராவது வரி. அவர்கள் வீட்டின் பின்புறத்தில் இப்போது போஞ்சி அந்த வெள்ளை இழைகளில்தான் ஏறி நிற்கிறது.

பட்டியலில் பிந்தி வரும் யோசனைகள் முந்தி வந்தவற்றைவிடப் புதுமை மிகுந்தவையாக இருப்பது ஆய்வுகளிலும் மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது; ரொஜர் பீட்டி, போல் சில்வியா ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. முதலில் வருவது நினைவிலிருந்து வருகிறது. நினைவு தீர்ந்த பிறகுதான் பொருளையே கையிலெடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

ஏழெட்டு எழுதினதும் தலை காலியாகிடுது. அதோட நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம். நேரம் போகப் போகத் தங்கள் யோசனைகளின் தரம் குறைந்துவிடும் என்று மக்கள் எதிர்பார்ப்பதாகவும், உண்மையில் அப்படிக் குறைவதில்லை என்றும் பிரையன் லூக்காஸ், லோரன் நோர்ட்கிரென் ஆகியோர் 2020இல் காட்டினார்கள். முந்திய பதிலில் சொன்ன மாணவி பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரம்தான் இது. “காலியாகிவிட்டது” என்று தோன்றிய பிறகு இன்னும் மூன்று வரிகள் எழுதுவது என்ற ஒரே விதியை நான் வகுப்பில் வைத்திருக்கிறேன்.

யோசிச்சு உட்காந்தா ஒன்னும் வரமாட்டேங்குது. பீலிக்கரையில துணி துவைக்கிறப்ப தானா வருது. அது ஏன்?

1926இல் கிரஹாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர், சிந்தனையின் போக்கை நான்கு கட்டங்களாக விளக்கினார்: விஷயத்தை ஆராய்ந்து சேர்க்கும் ஆயத்தம், அதை விட்டு விலகியிருக்கும் அடைகாப்பு, யோசனை சட்டென்று தோன்றும் வெளிச்சம், அது சரிதானா என்று பார்க்கும் சரிபார்ப்பு. நீர் விழும் பீலிக்கரையில் உங்களுக்கு நேர்வது மூன்றாவது கட்டம். கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்க, மனம் இறுக்கம் தளர்ந்து அங்குமிங்கும் போய்வர இடம் கிடைக்கிறது.

ஆனால் முதல் கட்டம் நடக்காமல் மூன்றாவது வராது. கோழி முட்டையிடாமல் அடைகாத்துப் பயன் இல்லை. ஆகவே துவைக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் அந்தப் பிரச்சினையை எழுதிப் பாருங்கள்; பிறகு மறந்துவிட்டுப் போங்கள். யோசனை வந்தால் வீடு திரும்பியதும் சமையலைத் தொடங்குமுன் ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு வேளை சோறு ஆவதற்குள் அது மறந்துபோகும்.

நடந்தா யோசனை வரும்னு சொல்றாங்க. நாங்க நாள் முழுக்க மலையில நடக்கிறவங்கதானே, எங்களுக்கு வந்திருக்கணுமே?

நியாயமான கேள்வி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிலி ஒப்பெஸ்ஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது கிடைத்ததைவிட நடந்தபோது மக்களின் புதிய யோசனைகள் சராசரியாக நூற்றுக்கு 60 அளவில் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் அவர்கள் தங்களுக்கு வசதியான வேகத்தில், சுமையின்றி நடந்தவர்கள். முதுகில் கொழுந்துக் கூடையோடு, வழுக்கும் சரிவில், நிறை சேருமா என்ற கவலையோடு நடப்பதை அந்த நடையோடு ஒப்பிட முடியாது. அங்கே உங்கள் கவனம் முழுவதும் காலடியிலும் கொழுந்திலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பும் பாதையே உங்களுக்கு உரிய நடை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அதே ஆய்வில், ஒரே ஒரு சரியான விடையுள்ள வினாக்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். கட்டுரைக்குக் கருத்துத் தேட நடங்கள்; கணக்கை உட்கார்ந்து செய்யுங்கள்.

போன் பாத்தா எத்தனையோ புது விஷயம் கிடைக்குதே, அது போதாதா?

போனில் நீங்கள் சேர்ப்பது வாலஸ் சொன்ன முதல் கட்டத்துக்கான சரக்கு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அங்கிருந்து நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம் என்று எல்லா இடைவெளிகளையும் போனே எடுத்துக்கொண்டால் அடைகாப்பதற்கு நேரம் எங்கே? தேத்தண்ணி குடிக்கும் அந்த ஒரு வேளையாவது அதைத் தொடாமல் இருங்கள்.

புதுசா செஞ்சு பாத்து நட்டமாகிட்டா யார் குடுப்பாங்க?

நுவரெலியாப் பக்கம் குத்தகை நிலத்தில் லீக்ஸ் பயிரிடும் ஒருவர் இதைக் கேட்டார். முழு நிலத்தையும் பணயம் வைக்கும்படி எவரும் சொல்லக்கூடாது. சொன்னால் கேட்கவும் கூடாது. ஒரு பாத்தியில், ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, மற்றப் பாத்திகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தடவையில் மூன்று மாற்றங்களைச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். சமையலுக்கும் இதே முறைதான். ரொட்டி மாவில் லீக்ஸின் பச்சைப் பகுதியை அரிந்து சேர்ப்பதானால், முதலில் ஒரே ஒரு ரொட்டிக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

நம் மலைகளின் வரலாறே இப்படித் தொடங்கியதுதான். சுற்றிலும் கோப்பி விளைந்துகொண்டிருந்த 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் மட்டும் தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலை எதுவும் அப்போது இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால் இலையை உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் வாட்டினார்கள். இலங்கையில் 1869இல் தலைகாட்டிய கோப்பி இலைத்துரு நோய் அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தபோது, மாற்றுப் பயிர் ஒன்று ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. இந்தக் கதை டெய்லரின் பெயரோடு சொல்லப்படுகிறது. மலையைத் திருத்திக் கன்று நட்டு வளர்த்த தொழிலாளரின் பெயர்களையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

இன்னொருத்தர் செஞ்சதப் பாத்துச் செய்றது காப்பிதானே? அது எப்படிப் படைப்பாற்றல் ஆகும்?

அப்படியே எடுத்து, தன்னுடையது என்று சொன்னால் அது களவு. எடுத்ததைத் தன் தேவைக்கு வளைத்து, அதில் இல்லாததைச் சேர்த்தால் அது ஆக்கம். மலையகத்தில் இதற்கு மீனாட்சி அம்மையாரைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் அவர். மக்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். மெட்டு பழையதாக இருந்ததனால்தான் எழுத்தறியாதவர்களும் ஒருமுறை கேட்டதும் கூடச் சேர்ந்து பாட முடிந்தது.

காமன் கூத்தையும் எண்ணிப் பாருங்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றுவது முதல் மன்மதன் எரிவதும் ரதி புலம்புவதும் வரை கதை மாறுவதில்லை. ஆயினும் இந்தத் தோட்டத்து ஆட்டமும் அடுத்த தோட்டத்து ஆட்டமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தப்படிக்கும் கையும், வேடம் கட்டும் விதமும், கோமாளி அன்றைய நாட்டு நடப்பைச் சேர்த்துச் சொல்லும் வரியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இரவு முழுவதும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், வரம்புக்குள் நின்று புதிதாகச் செய்வது எப்படி என்பதை எவரும் சொல்லாமலே கற்றிருக்கிறார்கள்.

மகன் நல்லா படம் வரையுவான். ஒரு படத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்தா இன்னும் வரைவான்தானே?

கொஞ்சம் பொறுங்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், ஏற்கெனவே விருப்பத்தோடு படம் வரையும் முன்பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தனர். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாட்களுக்குப் பிறகு, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் தாமாக வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

எனவே விலை பேசாதீர்கள். வரைந்த படத்தைப் பற்றிக் கேளுங்கள்: “இந்த ஆள் ஏன் குடையை மடக்கி வைத்திருக்கிறார்?” என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவன் அரைமணி நேரம் பேசுவான். அவனை ஆச்சரியப்படுத்த ஒரு பென்சில் பெட்டி வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்காக வரைவதை முற்றாக நிறுத்தச் சொல்லும் பெற்றோரையும் காண்கிறேன். படிப்பு நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள், வரையும் கொப்பியை மட்டும் பறித்துவிடாதீர்கள்.

இளைஞர் சங்கக் கூட்டத்துல யோசனை கேட்டா ரெண்டு பேர் மட்டும் பேசுறாங்க, மத்தவங்க தலையாட்டுறாங்க. என்ன செய்யலாம்?

எல்லோரும் ஒன்றாக அமர்ந்து விமரிசனமின்றி யோசனைகளைச் சொல்லும் முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்னும் அமெரிக்க விளம்பரத் துறையாளர். ஆனால் தனித்தனியே யோசித்த அதே எண்ணிக்கையானோர், கூடி யோசித்தவர்களைவிட அதிக யோசனைகளைத் தந்ததைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஒருவர் பேசி முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருப்பதே பெரும் தடை என்று மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே ஆகியோர் 1987இல் விளக்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பேச்சுத் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுக் கடுதாசி கொடுத்து, பெயர் போடாமல் மூன்று யோசனைகள் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒருவர் வாசிக்கட்டும். பெரியவர் முன் வாய் திறக்கத் தயங்கும் தங்கச்சிமாரின் யோசனை அப்போதுதான் சபைக்கு வரும்.

இப்ப போன்ல கேட்டா கட்டுரை, கவிதை, யோசனை எல்லாத்தையும் அதுவே எழுதித் தருதே. நாம ஏன் மண்டையப் போட்டு உடைக்கணும்?

2024இல் அனில் தோஷி, ஒலிவர் ஹவுசர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பதில் தருகிறது. செயற்கை நுண்ணறிவின் யோசனைகளைப் பெற்று எழுதியவர்களின் சிறுகதைகள் தனித்தனியே பார்க்கும்போது மேலானவையாக மதிப்பிடப்பட்டன. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், தாமாக எழுதியவர்களின் கதைகளைவிட அவை ஒன்றுபோல் இருந்தன. எங்கள் வகுப்பில் மழையைப் பற்றி எழுதச் சொன்னபோது மூன்று பிள்ளைகள் போனிடம் கேட்டு வந்தார்கள். மூன்றிலும் மண்வாசனையும் மயிலும் இருந்தன. எங்கள் தோட்டத்தில் மயிலை நான் கண்டதில்லை. தானாக எழுதிய பிள்ளையின் தாளில், மழைநாளில் அம்மா காலிலிருந்து அட்டையை உப்புத் தொட்டு எடுக்கும் காட்சி இருந்தது.

ஆகவே முதலில் உங்கள் பட்டியலை, மேலே சொன்ன அந்த “இன்னும் மூன்று வரி” வரை எழுதுங்கள். அதன் பிறகு போனிடம் கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுல ஆறு பேர் இருக்கோம். இதுல படைப்பாற்றல் பேசுறது, இருக்கிறத வெச்சு சமாளிச்சுக்கோன்னு சொல்றதுதானே டீச்சர்?

இந்தப் பக்கத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. குறைந்த பொருளும் இறுகிய வரம்பும் சில வேளைகளில் புதிய யோசனையைத் தூண்டும் என்பது உண்மை. கூத்தைப் பற்றிய பதிலில் அதைத்தான் சொன்னேன். ஆனால் கூத்தின் வரம்பு நாமே ஏற்றுக்கொண்டது. லயத்தின் வரம்பு நம்மேல் வைக்கப்பட்டது. பசியோடும் ஒழுகும் கூரையோடும் கடனோடும் இருப்பவரின் மனம் அடைகாப்பதற்கு ஓய்வதில்லை. வீடு, காணி, நியாயமான சம்பளம் ஆகியவற்றுக்கு எந்தப் பயிற்சியும் ஈடாகாது. “உங்களிடம் திறமை இருக்கிறது, அதனால் உங்களுக்கு எதுவும் தேவையில்லை” என்று எவராவது சொன்னால் நானும் உங்களோடு சேர்ந்து மறுப்பேன்.

அதே வேளையில், கேட்பதற்கும் படைப்பாற்றல் வேண்டியிருக்கிறது. மீனாட்சி அம்மையார் உரிமையைக் கேட்டது பாட்டில். 2023இல் மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, முன்னோர் நடந்து வந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். எத்தனையோ அறிக்கைகள் சொல்லாததை அந்த நடை நாட்டுக்குச் சொன்னது.

எங்கள் வகுப்பு இளைஞர்கள் நால்வர், குடிநீர் கேட்டு ஏற்கெனவே பலமுறை கடிதம் எழுதிச் சலித்தவர்கள். இம்முறை தோட்டத்தின் இந்தப் பிரிவை ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எந்தப் பீலியில் எந்த மாதம் நீர் வற்றுகிறது, அங்கிருந்து வாசலுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணிக் குறித்து, கடிதத்தோடு இணைத்து அனுப்பினார்கள். பதில் இன்னும் வரவில்லை. பிரதியை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம்; கடந்த மாத மழையில் சரிந்த படிகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்திக் குறித்துக்கொண்டிருக்கிறார்கள்.